மூன்றே வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்

கேள்வி: வயது 44. முக்கூடலில் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறேன். சர்க்கரைக்கு ஆறு வருஷமாக மெட்ஃபார்மின். ஹீமோகுளோபின் 8.9, வைட்டமின் டி 11, பி12 160 என்று வந்ததால் இரும்பு, கால்சியம், பி12, வாரம் ஒரு டி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். முடி கொட்டியதால் கடையில் நானாக ஒரு மாத்திரையும் வாங்கினேன். மூன்று வாரத்தில் ஹீமோகுளோபின் 10.2, டி 17, பி12 2000-க்கு மேல். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 0.1, குறைவு. எல்லாவற்றையும் நிறுத்திவிடவா?

பதில்: முடி மாத்திரையை மட்டும் நிறுத்துங்கள். அட்டையின் பின்பக்கம் பயோட்டின் (முடிக்கென்று விற்கும் ஒரு பி வைட்டமின்) 5 அல்லது 10 மில்லிகிராம் என்று இருக்கிறதா பாருங்கள். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான். மிஞ்சிய பயோட்டின் சில லேப் கருவிகளைக் குழப்பி, டிஎஸ்ஹெச்சைக் குறைத்துக் காட்டும். தைராக்சின் (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்), டி, பி12 எண்களை ஏற்றிக் காட்டும். மூன்று நாள் விட்டுவிட்டுத் தைராய்டை மட்டும் மறுபடி பாருங்கள். அதற்குள் தைராய்டு மருந்து தொடங்க வேண்டாம்.

பி12 மாத்திரை போடுகிற நாட்களில் அந்த எண் எப்படியும் ஏறும். பி12 குறைந்தால் வரும் பாத எரிச்சலும் மரத்துப்போவதும் குறைகிறதா என்பதுதான் கணக்கு. மெட்ஃபார்மின் பி12-ஐக் குடலில் சரியாகச் சேரவிடாது. அது தொடரும்வரை பி12-ஐ நீங்களாக விடக் கூடாது.

டி அளவு ஒரு நிலைக்கு வர மூன்று மாதம் பிடிக்கும், ஆகவே 12-வது வாரத்தில் பார்த்தால் போதும். 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, வழக்கமாக 8 வாரம். ஞாயிற்றுக்கிழமை சொதிச் சாப்பாட்டோடு போடுங்கள். தேங்காய்ப்பாலின் கொழுப்பில் நன்றாகச் சேரும். இதைத் தினம் ஒன்றாக விழுங்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம் என்று போய்ச் சிறுநீரகமும் கெடும்.

இரும்பு நன்றாகவே வேலை செய்கிறது. காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளுங்கள்; சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உள்ளே போகாது. காப்பிக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், கருப்பட்டிக் காப்பியானாலும் காப்பி காப்பிதான். வயிறு எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் விட்டுவிடாதீர்கள்; உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் வேண்டும். அப்போது அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள், ஆனால் காய்ச்சல் நேரத்தில் வேண்டாம், பொய்யாக உயர்ந்திருக்கும்.

நீங்கள் எழுதாத ஒன்று: மாதவிலக்கு அதிகமா, மூலத்தில் ரத்தம் போகிறதா? 8.9-க்குக் காரணம் அங்கே இருந்தால் மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் பழைய எண்ணே வந்து நிற்கும். அடுத்த முறை போகும்போது இதை முதலில் சொல்லுங்கள்.