தடுப்பது வாயையா, காலையா?

கேள்வி: சிறுநீரகச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்க, எங்கள் தெருப் பையன்கள் தருமபுரி நாலு ரோட்டில் உண்டியல் ஏந்தினார்கள். ‘ரோட்டில் நிதி கேட்கக் கூடாது’ என்று விரட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் இதைப் பேச்சுரிமை என்று வாதாடி ஜெயித்திருக்கிறார்களாமே, நமக்கும் செல்லுமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: ஜெயித்திருக்கிறார்கள். தோற்றும் இருக்கிறார்கள். ரோட்டில் நின்று வண்டிக்காரர்களிடம் பணம் கேட்கக் கூடாது என்ற பீனிக்ஸ் நகரத்துத் தடையை 1986-ல் சரியென்று சொன்ன அதே மேல்முறையீட்டு நீதிமன்றம்தான், 2011-ல் கலிபோர்னியாவின் ரெடோண்டோ பீச் நகரத்துத் தடையை ரத்து செய்தது. அங்கே மாட்டியவர்கள், கூலி வேலை கேட்டு நடைபாதையில் நின்றவர்கள். வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் விற்கிற குழந்தையைக்கூடப் பிடிக்கிற அளவுக்குச் சட்டம் அகலமாக இருக்கிறது, போக்குவரத்துதான் கவலை என்றால் அதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன என்றது தீர்ப்பு. 2015-ல் கில்பர்ட் ஊர் அறிவிப்புப் பலகை வழக்கில், பேசுகிற விஷயத்தைப் பார்த்துத் தடுக்கிற சட்டத்தைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு பல ஊர்களின் பிச்சைத் தடைகள் விழுந்தன.

அந்தத் தீர்ப்புகள் இங்கே கட்டுப்படுத்தாது. கையில் வைத்துக்கொள்ள நம் ஊர்த் தீர்ப்பே உண்டு. அகமதாபாத்தில் தெருவில் கூட்டம் போடுவது பற்றிய ஹிம்மத்லால் ஷா வழக்கில், 1972-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது: முறைப்படுத்தலாம், அதிகாரியின் இஷ்டத்துக்கு அடியோடு மறுக்க முடியாது. பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. அது டெல்லிக்கு. தமிழ்நாட்டுக்கு 1945-ம் வருஷப் பிச்சைத் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள், என் கதையைக் கேளுங்கள். சுனாமி சமயம் அதே நாலு ரோட்டில் போர்வையின் நாலு மூலையைப் பிடித்து நின்றவன் நான். ராயக்கோட்டைப் பக்கமிருந்து வந்த லாரிக்காரர், ‘கையில காசு இல்ல சாமி, ஒரு பெட்டி தக்காளி இறக்கிக்கோங்க’ என்றார். அந்த நாள் மாலை, எங்களில் ஒருவன் சிதறின சில்லறையைப் பொறுக்கக் குனிந்தபோது பஸ் சக்கரம் செருப்பின் நுனியில் ஏறியது. கால் தப்பியது. அடுத்த நாள் ஓரமாக டீக்கடை வாசலில் நின்றோம். வசூல் ஒன்றும் குறையவில்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: நடுரோட்டில் நிற்கிற காலைத் தடுக்கட்டும். ஓரத்தில் நின்று கேட்கிற வாயைத் தடுத்தால் சண்டை போடுங்கள். விரட்டியவரிடம் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள். வழிமறிப்பு என்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ம் பிரிவு. அபராதம் 5,000 ரூபாய் வரை. வழியை மறிக்கவில்லை என்றால் அது பொருந்தாது. அப்புறம், சிகிச்சைச் சீட்டின் நகலை உண்டியலில் ஒட்டச் சொல்லுங்கள். பாதி கேள்வி அங்கேயே அடங்கும்.

கேள்வி: டோல்கேட்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்பதும் பேச்சுரிமையா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: அது தொழில் உரிமை, அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு. தெரு வியாபாரம் அதில் அடங்கும், ஆனால் ‘இதே இடம்தான் வேண்டும்’ என்று கேட்க முடியாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் வயிற்றில் அடித்தது கோர்ட்டு இல்லை சார், ஃபாஸ்டேக். வண்டி நின்றால்தானே வெள்ளரி விற்கும்?