இலவசமாகத் தந்தால் குற்றமா? உலாவிப் போட்டி குறித்து வேலூர் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி (வேலூரில் பிரௌசிங் சென்டர் நடத்துபவர்): மைக்ரோசாப்ட் தன் விண்டோஸுடன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற உலாவியை (பிரௌசரை) இலவசமாகத்தானே கொடுத்தது? அதற்கு எதற்கு ஐயா வழக்கு?

பதில்: இலவசம் மட்டுமே அங்கே சிக்கல் அன்று. மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸில் இயங்கிய காலத்தில், நெட்ஸ்கேப் போன்ற போட்டி உலாவி பயனரைச் சென்றடையும் வழியை மைக்ரோசாப்ட் அடைத்ததா என்பதே 1998 மே மாதம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் தொடுத்த வழக்கின் கரு. எக்ஸ்ப்ளோரரின் சின்னத்தைத் திரையிலிருந்து எடுக்கக் கூடாது என்று கணினி தயாரிப்பாளர்களுக்கான உரிமத்திலேயே நிபந்தனை இருந்தது. விண்டோஸ் 98இல், மென்பொருள்களை நீக்குவதற்கான பட்டியலில் எக்ஸ்ப்ளோரர் இடம்பெறவே இல்லை. மைக்ரோசாப்ட் போட்டி உலாவிக்கு அஞ்சியதற்குக் காரணமும் இருந்தது: செயலிகள் உலாவிக்குள்ளேயே இயங்கத் தொடங்கிவிட்டால், அடியில் இருப்பது விண்டோஸா, வேறு இயங்குதளமா என்று யாரும் கவலைப்படமாட்டார்கள்.

கேள்வி (சட்ட மாணவி, காட்பாடி): மைக்ரோசாப்ட் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும் ஆணை ஏன் நிலைக்கவில்லை?

பதில்: 2000 ஜூனில் வழக்கை விசாரித்த நீதிபதி ஜாக்சன் இட்ட அந்த ஆணையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001 ஜூனில் ரத்து செய்தது, தீர்ப்புக்கு முன்பே அவர் செய்தியாளர்களிடம் மறைவாகப் பேசியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகத் தக்கவைத்துக்கொண்டது என்ற முடிவு அப்படியே நின்றது. மைக்ரோசாப்ட் தப்பித்துவிட்டது என்று எழுதுபவர்கள் இதைப் படிப்பதே இல்லை. விண்டோஸையும் எக்ஸ்ப்ளோரரையும் பிணைத்து விற்றது தனிக் குற்றமா என்பதை மீண்டும் ஆராயச் சொல்லிக் கீழ் நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். அரசு அதைத் தொடரவில்லை.

கேள்வி (ஆம்பூர்): உலாவியைத் தேர்ந்தெடுக்க ஒரு திரை வைத்தால் போதாதா?

பதில்: ஐரோப்பாவில் 2010இல் மைக்ரோசாப்ட் வைத்தது. பின்னர் விண்டோஸ் 7இன் ஒரு புதுப்பிப்பில் அது விடுபட்டு, சுமார் ஒன்றரைக் கோடிப் பேர் அதைக் காணவே இல்லை, 2013இல் 56.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது. கண்காணிப்பு இல்லாத திரையால் பயனில்லை.

கேள்வி (கைப்பேசிக் கடைக்காரர், குடியாத்தம்): போனில் குரோமை முடக்கத்தான் முடிகிறது, நீக்க முடிவதில்லை. நம் நாட்டில் கேட்பார் இல்லையா?

பதில்: கேட்டார்கள். பிளே ஸ்டோர் வேண்டுமானால் குரோம், தேடல் உள்ளிட்ட தொகுப்பு முழுவதையும் போனில் ஏற்றியே விற்க வேண்டும் என்ற ஒப்பந்தம் உள்ளிட்டவற்றுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தாலும், ஆணையத்தின் நான்கு கட்டளைகளை நீக்கியது. முன்பே ஏற்றிய செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. உங்கள் குறை தீராததற்கு அதுவே காரணம். இப்போதைக்கு, விரும்பும் உலாவியை நிறுவி, அமைப்புகளில் 'இயல்புநிலைச் செயலிகள்' பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்து வாடிக்கையாளரிடம் கொடுக்கலாம். அதற்கு எந்தத் தடையும் இல்லை.