நர்ஸ் பார்த்தால் போதுமா?

கேள்வி: மேலூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. துணை சுகாதார நிலைய நர்ஸிடமே காட்டிக்கொள்கிறார். மாதாமாதம் மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றால் வர மறுக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் தங்கையும், 'நானே நர்ஸ் பிராக்டிஷனரிடம்தான் போகிறேன், விடு' என்கிறாள். நர்ஸ் டாக்டருக்கு ஈடாவாரா?
- வாசகர், மதுரை

பதில்: அம்மா சொல்வது சரி. தங்கை சொல்வதில் பாதி சரி. நர்ஸ் பிராக்டிஷனர் என்பது 1965-ல் அமெரிக்காவின் கொலராடோவில் தொடங்கிய ஏற்பாடு. அங்கே நர்ஸிங்குக்கு மேல் முதுநிலைப் படிப்பும் முடித்தவர்கள் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதுகிறார்கள். நம் கிராமத்து நர்ஸ் தருவது டாக்டர் எழுதிய மருந்தை. இந்த வித்தியாசத்தை மறக்க வேண்டாம்.

ஆனால் மாதாமாதம் உங்கள் அம்மாவுக்கு என்ன தேவை? பிரஷர், சர்க்கரை பார்க்க வேண்டும். மாத்திரையை விடாமல் போடுகிறாரா என்று கேட்க வேண்டும். பாதத்தில் புண் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். டோக்கன் வாங்கி அரை நாள் காத்திருந்த பிறகு கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் எந்தப் பெரிய டாக்டர் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்? திருவிழாவுக்குப் பேரன் வந்த வாரம் அம்மா மாத்திரையை மறந்தது அந்த நர்ஸுக்குத்தான் தெரியும்.

மதுரைக்காரருக்கு இதில் சந்தேகமே வரக்கூடாது. 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போயிருப்பீர்கள். பார்வையை அளப்பதும் கண் அழுத்தம் பார்ப்பதும் பிளஸ் டூ முடித்து அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். டாக்டரின் நேரம் முடிவெடுக்கவும் ஆபரேஷனுக்கும் மிஞ்சுகிறது. அத்தனை பேருக்கு அங்கே பார்வை கிடைப்பது அதனால்தான்.

நர்ஸ் போதாத இடங்களும் உண்டு. மாத்திரை போட்டும் பிரஷர் 140/90-க்குக் கீழே இறங்கவில்லையா, சர்க்கரை ஏறிக்கொண்டே போகிறதா, கால் புண் ஆறவில்லையா, அன்றே டாக்டர். நெஞ்சு வலித்தாலோ வாய் கோணினாலோ யாரையும் தேடிப் போகவேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். இதில் 'நாளைக்குப் பார்ப்போம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கிராமத்து நர்ஸ்கள், தன்னார்வலர்கள் போன்ற பெண்கள் நடந்து போவதால்தான் வீடு வீடாகப் போகிறது. அவர்களில் பலரை ஒப்பந்தத்திலேயே வைத்திருப்பது நியாயமில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் நோட்டைப் புரட்டுங்கள். வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையும் சிறுநீரகமும் பார்த்திருக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் மதுரைக்குக் கூட்டிவாருங்கள்.