மார்ச் முடிந்தது, ஜூன் வரை என்ன செய்வது? நன்கொடை பற்றிச் சில கேள்விகள்

மதுரைப் பக்கம் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் சிறு அறக்கட்டளை ஒன்றில் பதினாறு வருடமாக நன்கொடைக் கணக்கு பார்க்கிறேன். கோடை மாதங்களில் நன்கொடையாளர்களை எப்படி அணுகுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2025 ஏப்ரலில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் வரி விவரமெல்லாம் 2024-25 கணக்குக்கு.

அக்கா, மார்ச் 31 வரை பணம் வந்துகொண்டே இருந்தது. ஏப்ரல் பிறந்ததும் போனே எடுப்பதில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று விடாமல் கேட்கிறோம். எங்கே தப்பு? (சேலம், முதியோர் இல்லம்)

பால் குடித்த பிள்ளை பத்து நிமிடத்தில் மறுபடி அழுதால் பெற்ற தாய்க்கே எரிச்சல் வரும். மார்ச்சில் வருவதில் பெரும்பங்கு வரிக்காகக் கொடுக்கிற பணம். கணக்கு முடிந்ததும் அது நின்றுவிடும். அப்புறம் சித்திரைத் திருவிழா, வைகாசி முகூர்த்தங்கள், ஜூனில் சொந்தப் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். கை காய்ந்திருக்கும் நேரம்.

நான் வைத்திருக்கும் விதி இது: ஜனவரி முதல் மார்ச் வரை கொடுத்தவரிடம் மே கடைசி வரை ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை. அந்த இரண்டு மாதமும் அவருக்கு நாம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடிக்கிற காலம்.

கொடுக்க வேண்டியது என்றால்? ரசீதுதான் அன்றைக்கே கொடுத்துவிட்டோமே. (திருச்சி)

ரசீது போதாது. 80ஜி (கொடுத்தவருக்கு வரிக்கழிவு தரும் வருமானவரிப் பிரிவு) அனுமதி உள்ள அறக்கட்டளைகள் கொடுத்தவர்களின் பட்டியலை 10பிடி படிவத்தில் மே 31க்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் 10பிஇ சான்றிதழ் எடுத்து அதே தேதிக்குள் அனுப்ப வேண்டும். 2021-22 கணக்கிலிருந்து இதுதான் முறை. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், அபராதம் தனி. நாம் ஏற்றாவிட்டால் கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைப்பது சிக்கலாகிவிடும். கையில் ரசீது இருந்தும் பயனில்லை.

எங்களுக்கு ஒரு முறை சூடு பட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வருடம் தவறாமல் ஐயாயிரம் கொடுப்பவர். அவருடைய பான் எண்ணை நோட்டில் கையால் எழுதியபோது யு-வும் வி-யும் ஒன்றுபோல் விழுந்துவிட்டது. அப்படியே ஏற்றிவிட்டோம். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. போனில் கோபப்படவில்லை. “நான் கொடுத்தது உங்க கணக்குலயே இல்லையாம்மா?” என்றார். திருத்திய படிவம் ஏற்றிச் சரிசெய்தோம், ஆனால் அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அதிலிருந்து ஏப்ரல் முதல் இரண்டு வாரம் எங்களுக்கு போன் வாரம். பெயர், பான், தொகை மூன்றையும் ஒவ்வொருவரிடமும் வாசித்துக் காட்டுவோம். பணம் கேட்க மாட்டோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவோம். பாதிப்பேர் அதைக் கேட்டதும் நிம்மதியாகி, “அந்த எட்டாம் கிளாஸ் பொண்ணு இப்போ எப்படிப் படிக்குது?” என்று அவர்களே பேச்சை வளர்ப்பார்கள். வருடத்திலேயே நல்ல உரையாடல்கள் எனக்கு இந்த இரண்டு வாரத்தில்தான் கிடைக்கின்றன.

புதிய வரி முறைக்கு மாறிவிட்டேன், எனக்கு 80ஜி பயன்படாது என்கிறார்கள் நன்கொடையாளர்கள். என்ன சொல்வது? (கோவை)

அவர்கள் சொல்வது சரி. புதிய முறையில் 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையிலும் ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது, அரிசி மூட்டையாகக் கொடுத்தாலும் கிடையாது. வரியைச் சொல்லியே பணம் கேட்டுப் பழகியவர்கள் இனி வேலையைச் சொல்லிக் கேட்கப் பழக வேண்டியதுதான்.

லீவில் நன்கொடையாளர்களைக் குடும்பத்தோடு மையத்துக்கு அழைக்கலாமா? (தேனி, மாலைநேரப் பள்ளி)

தாராளமாக. ஆனால் மதியம் வேண்டாம், காலை ஏழரைக்கு வரச் சொல்லுங்கள். மேடை, பொன்னாடை, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நன்றி சொல்ல வைப்பது எதுவும் வேண்டாம். லீவில் விளையாட வந்த பிள்ளையை நிற்கவைத்துப் போட்டோ எடுப்பதைப் பார்த்தால் எனக்கே கூசும்.

ஏதாவது வேலை கொடுங்கள். நாங்கள் ஒரு மே மாதம் நூலகப் புத்தகங்களுக்கு அட்டை போடும் வேலை வைத்தோம். பாயை விரித்து, நடுவில் பழுப்புத்தாள் கட்டு, மைதாப் பசைக் கிண்ணம், கத்தரிக்கோல் நாலு. வந்தவர்களின் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்தார்கள். இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தாளை மடிக்கத் தெரியாமல் திணற, எங்கள் ஆறாம் வகுப்புப் பையன் “இப்படி இல்ல சார், முதுகுப் பக்கம் ரெண்டு வெட்டு வெட்டணும்” என்று கையைப் பிடித்துக் காட்டினான். பத்து மணிக்கு மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பணப் பேச்சே எழவில்லை. ஜூன் முதல் வாரம் அந்த இரும்புக்கடைக்காரரே போன் செய்து, “அந்தப் பையன் எந்த ஸ்கூல், என்ன தேவை?” என்று கேட்டார்.

அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் லீவுக்கு வருகிறார்கள். கையோடு கொடுப்பதை வாங்கலாமா அக்கா? (காரைக்குடி)

முதலில் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்தாலும், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி வையுங்கள். அவரே அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் கதை வேறு. ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தருவது) இருந்தாலும், காரைக்குடியிலேயே பிறந்தவரானாலும், ரூபாயாகவே நீட்டினாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வர வேண்டும்.

பதிவு இல்லையென்றால் சிரித்த முகத்தோடு மறுத்து, காபி கொடுத்து அனுப்புங்கள்.

கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்துக்குக் கோடையில் போய்ப் பயனுண்டா? (ஓசூர்)

உண்டு. ஏப்ரலில்தான் அவர்களுக்குப் புது வருடம், அந்த ஆண்டுக்கான திட்டம் போடுகிற சமயம். பிப்ரவரியில் ஓடுவதைவிட இது மேல். அந்தப் பணம் வாங்க அறக்கட்டளை அரசிடம் செய்ய வேண்டிய சி.எஸ்.ஆர்.-1 பதிவின் எண் இல்லாமல் போகாதீர்கள்.

எங்கள் குழு ரத்ததானம் ஏற்பாடு செய்வது. கல்லூரி மூடினால் கொடையாளர்களே இல்லை. (நெல்லை)

கல்லூரி மூடினால் மாணவர் மறைந்துவிடுவதில்லை, ஊருக்குப் போகிறார். மார்ச் முகாமில் பெயர் எழுதும்போதே சொந்த ஊரையும் எழுதி வாங்குங்கள். மேயில் அந்தந்த ஊருக்குப் பக்கத்து ரத்த வங்கி எண்ணை அனுப்பலாம். ஆனால் நாள் பார்த்து அனுப்புங்கள். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். மார்ச் 10ல் கொடுத்த பையனை மே 10ல் கூப்பிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அடுத்த தடவை வரமாட்டான். ஜூன் 14 உலக ரத்த கொடையாளர் தினம். மார்ச் நடுவுக்கு முன் கொடுத்த ஆண்களுக்கு அதற்குள் 90 நாள் முடிந்திருக்கும். பெண்களில் பிப்ரவரி நடுவுக்கு முன் கொடுத்தவர்களைக் கூப்பிடலாம்.

சரி, கேட்கவே கூடாதா? எப்போது, எதற்குக் கேட்பது? (விருதுநகர்)

மே கடைசி வாரம் ஆரம்பியுங்கள், ஜனவரி முதல் மார்ச் வரை கொடுத்தவர்களிடம் மட்டும் ஜூனில். ஆனால் நோட்டு, சீருடை, புத்தகப் பை என்று கேட்காதீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. விவரம் தெரிந்த நன்கொடையாளர் ஒருவர் ஒருமுறை என்னிடம் அதையே கேட்டு, நான் விழித்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கட்டணம், ஹாஸ்டல் முன்பணம் இதெல்லாம் பெரும்பாலும் யாரும் தராதது. அதுவும் ஒரு வாரத்துக்குள் கட்டியாக வேண்டியது. அதற்குக் கேளுங்கள். தொகையையும் கடைசித் தேதியையும் எழுதுங்கள்.

பள்ளி திறக்கும் தேதியை மட்டும் நம்பிக் கடிதம் அச்சடித்துவிடாதீர்கள். 2023ல் ஜூன் 1 என்றதை வெயில் காரணமாக 7க்குத் தள்ளி, அப்புறம் 12க்குத் தள்ளினார்கள். எங்களிடம் 400 கடிதம் பழைய தேதியோடு கிடந்தது.

வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினோம், பாதிப்பேருக்குப் போகவே இல்லையாம். (வேலூர்)

பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் போகும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான். ஏப்ரலில் பான் எண் சரிபார்க்கக் கூப்பிடுகிறீர்கள் அல்லவா, அப்போதே “இந்த நம்பரை சேவ் பண்ணிக்குங்க சார், சான்றிதழ் இதுலதான் வரும்” என்று சொல்லிவிடுங்கள்.