கூன் எங்கே தொடங்குகிறது?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 28. பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறேன், கேஎல்சிசி பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அண்ணன் கல்யாண வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை. தோள் குறுகி, தலையை நீட்டிக்கொண்டு, கையைக் கட்டியபடி ஒரு மூலையில் நிற்கிறேன். கூட்டங்களில் ஆர்வமில்லாமல் உட்கார்ந்திருப்பதாக மேலதிகாரியும் சொல்லிவிட்டார். அம்மா தினமும் "நிமிர்ந்து நில்" என்கிறார். நிமிர்ந்தால் ஐந்து நிமிடத்தில் முதுகு வலிக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு,

என் குரலை முதன்முதலாக ஒலிப்பதிவில் கேட்டபோது, "யார் இந்த அம்மா?" என்று கேட்டவள் நான். ஆகவே வீடியோவுக்காக ரொம்ப வருந்தாதீர்கள்.

அம்மா சொன்னதும் எப்படி நிமிர்கிறீர்கள்? நெஞ்சைத் தள்ளி, இடுப்பை வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொள்வீர்கள், இல்லையா? அது நிமிர்வதில்லை, விறைப்பது. அணிவகுப்பில் நிற்பவர் கொஞ்ச நேரம் தாங்குவார். நாள் முழுக்கக் கணக்குப் பார்ப்பவருக்கு முதுகு வலிக்கத்தான் செய்யும்.

எஃப். எம். அலெக்சாண்டர் என்று ஒருவர், 1869-இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் நாடக வசனங்களை ஒப்பிப்பது அவர் தொழில். மேடை ஏறினால் தொண்டை கட்டிக்கொள்ளும். மருத்துவத்தில் தீரவில்லை. கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தார். வாய் திறக்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை அழுத்துவது தெரிந்தது. சரி, இனி இழுக்கக் கூடாது என்று திருத்திக்கொண்டு பேசினார், திருந்திவிட்டதாகவே நினைத்தார். பக்கவாட்டிலும் கண்ணாடி வைத்துப் பார்த்தால், தலை பழையபடி பின்னுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது! பழகிய கோணல் நமக்கு நேராகத்தான் தெரியும். அதனால்தான் "நிமிர்ந்து நில்" பலிப்பதில்லை.

எனவே இரண்டு வாரத்துக்கு எதையும் திருத்தாதீர்கள். பார்த்தால் போதும். கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறுவீர்கள். பசார் செனி தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் புகுந்ததும் ஜன்னல் கறுத்து, உங்கள் உருவம் தெரியும். கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்த அதே நிலையில், தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தூக்கிப் பாருங்கள். தாடை எங்கே இருக்கிறது? பை மாட்டிய தோள் காதுப்பக்கம் ஏறியிருக்கிறதா? நம் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. கடையில் வாங்கும் சின்ன அரிசிப் பொட்டலத்தின் எடை. அதைக் கழுத்துக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு கேஎல்சிசி வரை போகிறீர்கள்.

அப்புறம், அந்தக் கை கட்டுவது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்கள் முன் கை கட்டி நிற்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். சுட்டுவிரலை நீட்டாமல் கட்டைவிரலால் காட்டவும், பெரியவர்களைக் கடக்கும்போது லேசாகக் குனிந்து கையைத் தாழ்த்தவும் மலாய்க்காரத் தோழிகளைப் பார்த்துப் பழகினோம். எப்போது பழகினோம் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா? மேலதிகாரி கண்ணுக்கு அலட்சியமாகப் படுவது உங்கள் உடம்புக்கு அடக்கமாக இருக்கலாம். கூட்டத்தில் கைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு, குறிப்பேடும் பேனாவுமாக இரண்டு கையையும் மேசைமேல் வையுங்கள். கை மேசையில் இருந்தால் கட்டிக்கொள்ள வராது.

கைகால்களை அகல விரித்து, மிடுக்காக இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோனே மாறித் தைரியம் வரும் என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்து பரபரப்பானது. 2015-இல் அதிகம் பேரை வைத்துச் சோதித்தபோது ஹார்மோன் மாறவில்லை. யாராவது அந்த யோசனை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வலி கைக்கு இறங்கினாலோ விரல் மரத்தாலோ மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இன்னொரு வேலை. அந்த வீடியோவை மறுபடி போடுங்கள், சத்தத்தைக் குறைத்துவிட்டு. நீங்கள் மூலையில் நிற்கும் இடத்தை விடுங்கள். பந்தியில் பரிமாறும்போதோ, சின்னப் பிள்ளை யாரையாவது தூக்கும்போதோ உங்கள் தோள் எப்படி இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.