முகத்துக்கு லேசர்: கன்னத்தில் இருப்பது மங்குத் திட்டா, வெயில் புள்ளியா?

வாசகி ஒருவரின் கேள்வி: எனக்கு வயது 52. மாநிறம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெயிலில் அலைந்து வேலை பார்த்திருக்கிறேன். கண்ணோரத்திலும் மேலுதட்டின் மேலும் சுருக்கங்கள் விழுந்துவிட்டன; இரண்டு கன்னங்களிலும் பழுப்புத் திட்டுகள் இருக்கின்றன. லேசர் மூலம் முகத் தோலைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒரே சிகிச்சையில் எல்லாம் சரியாகிவிடுமா? என் நிறத்துக்கு அது பாதுகாப்பானதா?

ஒரே சிகிச்சையில் எல்லாம் சரியாகாது. நீங்கள் சொல்லும் சுருக்கம், வெயில் பாதிப்பு, பழுப்புத் திட்டு மூன்றும் முகத்தில் அடுத்தடுத்து இருந்தாலும் அவற்றின் காரணங்கள் வேறு. லேசர் முதலிரண்டுக்கும் நல்ல பலன் தரக்கூடியது. மூன்றாவதுக்குச் சில நேரங்களில் பலன் தரும், சில நேரங்களில் இருப்பதை விட மோசமாக்கிவிடும். ஆகவே எந்தக் கருவி நல்லது என்று விசாரிப்பதற்கு முன்னால், உங்கள் கன்னத்தில் இருப்பது என்ன என்பதைத் தோல் மருத்துவர் ஒருவர் உறுதிசெய்ய வேண்டும்.

தோலைப் புதுப்பிக்கும் லேசர்கள் பெரும்பாலும் தோலில் உள்ள நீரைக் குறிவைக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு லேசரின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். எர்பியம் யாக் லேசருடையது 2,940 நானோமீட்டர். இரண்டு ஒளியையும் நீர் உறிஞ்சிச் சூடாவதால் மேல்தோல் ஆவியாகிறது, அடியில் உள்ள தோல் வெப்பம் பெற்று, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைப் புதிதாக உருவாக்கத் தொடங்குகிறது. முன்பெல்லாம் முகம் முழுவதும் ஒரு படலத்தை அப்படியே சீவி எடுப்பது வழக்கம். பலன் பெரிது, ஆபத்தும் பெரிது. 2004இல் ‘ஃப்ராக்ஷனல்’ முறை அறிமுகமானது: கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளைப் போல ஒளி இறங்குகிறது, துளைகளுக்கு இடையே உள்ள தோல் தொடப்படாமல் இருக்கிறது, அந்த நல்ல தோலிலிருந்தே காயம் விரைவாக மூடுகிறது. மேல்தோலை ஆவியாக்காமல் உள்ளே மட்டும் சூடேற்றும் 1,550 நானோமீட்டர் வகையும் உண்டு. அது மென்மையானது, அதற்கேற்ப ஒரு மாத இடைவெளியில் மூன்று முதல் ஐந்து முறை வரை செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

உங்கள் நிறத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மிகச் சரியான கேள்வி. மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும், தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் செல்கள் எந்தக் காயத்துக்கும் உடனே எதிர்வினை காட்டுபவை. பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கறுப்பு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லேசரின் வெப்பமும் அந்தச் செல்களுக்கு ஒரு காயம்தான். சிகிச்சை முடிந்து முகம் தெளிந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கும்போது, ஏறத்தாழ மூன்றாவது, நான்காவது வாரத்தில் கறுப்பு படரத் தொடங்கலாம். இது பெரும்பாலும் மறையக்கூடியதே, ஆனால் மாதங்கள் பிடிக்கும். முழுப் படலத்தையும் எடுக்கும் முறையில் இதற்கு நேர்மாறாக, பல மாதங்கள் கழித்து நிறம் வெளுத்துப்போவதும் உண்டு. அதைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். இதனால்தான் உங்களைப் போன்ற நிறத்தவருக்கு முழுப் படல முறையை நான் பரிந்துரைப்பதில்லை. ஃப்ராக்ஷனல் முறையிலும் துளைகளின் அடர்த்தியைக் குறைத்து, அமர்வுகளுக்கு இடையே கூடுதல் நாள் விட்டு, முதலில் காதோரத்தில் சிறிய இடத்தில் சோதித்து, நான்கு வாரமாவது காத்திருந்து பார்த்த பிறகு முகத்தில் கைவைப்பதே முறை.

இனி அந்தத் திட்டுகள். வெயிலால் வரும் புள்ளிகள் பொதுவாகத் தனித்தனியாக, விளிம்பு தெளிவாக இருக்கும். கையின் புறப்பக்கத்திலும் அதே போன்றவை தென்படும். இரு கன்னங்களிலும் ஒன்றுபோல, வரைபடம் போல ஒழுங்கற்ற விளிம்போடு, நெற்றியிலோ மேலுதட்டிலோ கூடப் படர்ந்திருந்தால் அது மங்கு (மெலாஸ்மா) என்ற தோல் கருமையாக இருக்க வாய்ப்பு அதிகம். மங்குக்கு ஹார்மோன், பரம்பரை, வெயில், வெப்பம் எல்லாம் காரணம். அதன் மேல் சூடான லேசரை வைத்தால் சில வாரங்கள் வெளுத்துவிட்டுப் பிறகு முன்னைவிட அடர்த்தியாகத் திரும்பி வருவதைத் தோல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். மங்குக்கு முதல் சிகிச்சை பூச்சு மருந்தும் வெயில் தடுப்பும்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியே மங்கைக் கிளறிவிடும் என்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன் வெள்ளை சன்ஸ்கிரீனைவிட நல்லது. இன்னொன்று: ஏதாவது ஒரு திட்டு அண்மையில் வளர்ந்திருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ, அரித்து ரத்தம் கசிந்தாலோ, அதன் மேல் லேசர் படவே கூடாது. முதலில் திசுப் பரிசோதனை.

சுருக்கத்துக்கு நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காலை வெளிச்சத்தில் ஜன்னலருகே கண்ணாடியோடு நின்று, முகத்தைத் தளர்த்தி, கண்ணோரத்தைக் கவனியுங்கள். சிரிக்கும்போது மட்டும் விழும் கோடு தசையின் இழுப்பால் வருவது. அதற்கு லேசர் பெரிதாக உதவாது, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசிதான் வழி. சிரிக்காதபோதும் நிற்கும் மெல்லிய கோடுகள், தோலின் சொரசொரப்பு, மேலுதட்டின் செங்குத்து வரிகள் ஆகியவை லேசருக்கு உரியவை. தாடையோரம் தோல் தொங்குவதை இது தூக்கி நிறுத்தாது. அடுத்து, மேற்கையின் உட்புறத் தோலை முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே வயதுத் தோல்தான் அது, வெயில் படாதது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி வெயிலின் வேலை.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. உதட்டில் அக்கிக் கொப்புளம் எப்போதாவது வந்திருந்தால், லேசர் வெப்பத்தில் அது முகம் முழுவதும் பரவக்கூடும். முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவார்கள். தழும்பு தடித்து வளரும் இயல்பு, வெண்புள்ளி, பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்த வரலாறு, புகைப்பழக்கம் எல்லாமே முடிவை மாற்றும். முகம் வெளுக்க என்று வாங்கிப் பூசிய க்ரீம் எதையும் டியூபோடு எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது; அது தோலை மெலிய வைத்திருந்தால் லேசரைத் தள்ளிப்போட வேண்டும்.

ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசருக்குப் பிறகு முதல் நாள் கடும் வெயிலில் காய்ந்தது போல எரியும், சற்று நீர் கசியும். இரண்டாம், மூன்றாம் நாள் கண்ணைச் சுற்றி வீங்கும். அதன்பின் முகம் முழுவதும் பழுப்பு நிறப் பொடிப் புள்ளிகள் காய்ந்து, தடவினால் உப்புத்தாள் போல இருக்கும். உதிர்வதற்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். நகத்தால் சுரண்டிய இடம்தான் பிறகு கறுக்கும். வாசலின் தடவி, அதுவாக உதிர விடுங்கள். சிவப்பு வாரக்கணக்கில் நீடிக்கலாம். வலி குறையாமல் ஏறினாலோ, கொத்தாகக் கொப்புளம், சீழ், காய்ச்சல் என்று எது வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். கொலாஜன் மெல்ல உருவாவதால் சுருக்கத்தின் உண்மையான பலனை மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் மதிப்பிட முடியும்.

வெயில் வேலை இன்னும் தொடர்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தொடர்ந்தால், விடுப்பு எடுத்து நிழலில் இருக்கக்கூடிய சில வாரங்கள் அமையும் வரை லேசரை ஒத்திவையுங்கள். இதற்கிடையே மூன்று மாதம் எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீள அளவு எடுத்து, வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூசி, இரவில் மருத்துவர் சொல்லும் அளவில் ட்ரெடினாயின் என்ற பூச்சு மருந்தைத் தடவுங்கள் (கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது). அந்த மூன்று மாதமும் வீணல்ல: மெல்லிய கோடுகளும் திட்டுகளும் ஓரளவு குறைவதோடு, உங்கள் தோல் எரிச்சலுக்கு எப்படிக் கறுக்கிறது என்பதும் மருத்துவருக்குத் தெரிந்துவிடும். முதல் நாளும் தொண்ணூறாம் நாளும் அதே ஜன்னலருகே, அதே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, லேசர் ஆலோசனைக்குப் போகும்போது இரண்டையும் காட்டுங்கள்.