1941 பத்திரத்தில் இருக்கும் பையன் 1964-ல் எங்கே போனான்?

கேள்வி: அப்பா காலமான பிறகு பரணில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தேன். 1941-ல் தாத்தா எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் ஒன்று இருந்தது. தனக்காகவும், 'தன் மைனர் குமாரர்கள் இருவருக்குக் கார்டியனாகவும்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டாவது மைனர் என் அப்பா. முதல் பெயரை, வயது 9 என்று இருக்கிறது, எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. 1964-ல் எழுதிய பாகப்பிரிவினையில் தாத்தா, அப்பா, சித்தப்பா மூன்று பேர்தான். 88 வயது அத்தையிடம் கேட்டதற்கு, "முடிஞ்சு போனதை எதுக்குடி கிளறுறே" என்று எழுந்து போய்விட்டார். தாத்தாவுக்கு வேறு குடும்பம் இருந்ததா?
- பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்

பதில்: முதலில் அந்த 1941 பத்திரத்தை நம்புங்கள். மைனர் பிள்ளைகளின் பெயரை எழுதவைப்பது பெரும்பாலும் வாங்குகிறவர்தான். நாளைக்கு ஒரு மகன் வந்து என் பங்கு எங்கே என்று வழக்குப் போடக்கூடாதே. அதனால் அன்றைக்கு அந்த வீட்டில் எத்தனை மகன்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மறைக்க நினைத்த பிள்ளையை உங்கள் தாத்தா முதல் பெயராக எழுதியிருக்கவும் மாட்டார். அவன் மூத்த தாரத்துப் பிள்ளையாக இருக்கலாம், உங்கள் பாட்டியின் பிள்ளையாகவே இருக்கலாம். அப்படியே இரண்டு மனைவியர் இருந்திருந்தாலும், 1949-ல் மதராஸ் மாகாணச் சட்டம் வரும்வரை அது குற்றமே இல்லை.

அப்படியானால் 1964-ல் அவன் பெயர் ஏன் இல்லை? இறந்திருக்கலாம், முன்பே பங்கை வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருக்கலாம், சுவீகாரம் (தத்து) போயிருக்கலாம். சுவீகாரம் கொடுத்த பிள்ளைக்குப் பழைய இந்துச் சட்டப்படி பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு கிடையாது, அப்பா பெயரே மாறிவிடும். உங்கள் தாத்தா பெயரை வைத்துத் தேடினால் அவன் அகப்படவே மாட்டான். அந்தக் காலத்தில் சடங்கோடு முடித்துவிடுவார்கள், பத்திரமே இல்லாமலும் போகும். உறவில் பிள்ளையில்லாமல் யார் இருந்தார்கள், அவர்களுக்குத் திடீரென்று ஒரு மகன் எப்போது வந்தான் என்று பாருங்கள். என் மனம் இங்கேதான் போகிறது.

1964 பத்திரத்தின் ஆரம்பத்தில் குடும்ப வரலாறு சொல்லும் பகுதியை வரிவரியாகப் படியுங்கள், 'ஏற்கெனவே பாகம் பெற்று விலகிய' என்பதுபோல ஒரு வாக்கியம் அங்கே ஒளிந்திருக்கலாம். அப்புறம் சார்பதிவாளர் அலுவலகம். வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், இவ்வளவு பழைய வருடங்களுக்கு இணையத்தில் கிடைக்காவிட்டால் அங்கே மனுப் போட வேண்டும். சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் யாரும் பார்க்கலாம், 1908 பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவான உயில் இருந்தால், எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யார் கேட்டாலும் தர வேண்டும். ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு பத்திரமாக இருந்தால் அதைவிட நல்லது, பையன் எந்தத் தேதியில் பள்ளியை விட்டுப் போனான் என்பது அதில் தெரிந்துவிடும். பிறப்புப் பதிவேட்டில் பெயரைத் தேடி ஏமாறாதீர்கள், பல இடங்களில் ஆண் குழந்தை, தகப்பன் பெயர், அவ்வளவுதான்.

ஆனால் இதெல்லாம் எப்போது, எங்கே என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்பது அத்தையிடம்தான் இருக்கிறது. பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தனியாகப் போய் இரண்டு நாள் தங்குங்கள். "சின்ன வயசுல யார் யார் பக்கத்துல படுத்துத் தூங்குவீங்க அத்தை" என்று கேட்டுப்பாருங்கள். அவர் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள், மறுநாள் அவரே தொடர்வார். அந்தப் பையன் சுவீகாரம் போயிருந்தால் அவன் பிள்ளைகள் இன்று உங்கள் வயதில் இருப்பார்கள், அவர்களுக்கே இது தெரியாமல் இருக்கலாம். அதுவரை பத்திரத்தைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அத்தை காதுக்குப் போனால் அப்புறம் அவர் வாயையே திறக்க மாட்டார்.